ஆயாக் கொட்டகைக்கு வந்த சன்னாசி

சுங்காய்க்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ரோசம்மாவை ஆயா என்று கூப்பிடாதவர் இல்லை. புருஷன் லூர்துசாமி இறந்த வருஷம் பிள்ளைக் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தவள். பாலெடுக்கப் பால்மரம் வெட்டப் போகிறவர்கள், இருட்டு விலகுமுன் தூக்கக் கலக்கத்திலிருக்கும் பிள்ளைகளை அவள் கையில் கொடுத்துவிட்டுப் பெரட்டுக்கு ஓடுவார்கள். அங்கே பெயர் கூப்பிடும்போது வரிசையில் இல்லாவிட்டால் அன்றைக்கு வேலை கிடையாது.

கொட்டகைக்கு ரோசம்மா போட்ட சட்டம் ஒன்று உண்டு. பிள்ளையை விட்டவர் திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். பார்த்தால் பிள்ளை மத்தியானம் வரை அழும். பார்த்தவர்கள் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள்; அவளுக்குக் கோபம் மூக்குநுனியில். மகள் நல்லம்மாளைத் தூக்கி வரும் சன்னாசி மட்டும் ஒருநாளும் திட்டு வாங்கியதில்லை. குனிந்த தலையோடு போய்விடுவார்.

எழுபதுகளின் கடைசியில் பால்மரங்களைச் சாய்த்து, எண்ணெய்க்காகச் செம்பனை நட்டார்கள். இளசுகள் ஈப்போ, புந்தோங் என்று பட்டணத்துக்குக் கிளம்பிவிட, கொட்டகையில் தொட்டில் கயிறுகள் மட்டும் தொங்கின. ரோசம்மா தினமும் கூட்டிப் பெருக்கிவிட்டு, காற்றில் ஆடும் கயிறுகளைப் பார்த்தபடி ஜெபமாலை உருட்டுவாள். சில நாள் உள்ளே பிள்ளை அழுதது போலிருக்கும். எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து உட்காருவாள்.

அப்படி ஒரு விடியலில், செம்பனை வேலைக்குக் கிளம்பிய நல்லம்மாள் தன் அப்பாவைக் கைபிடித்துக் கூட்டி வந்தாள். ஓய்வு பெற்ற சன்னாசி, கோழி கூவுமுன் எழுந்து, செம்பனைக்குள் தன் பழைய பால்மரங்களைத் தேடி நடப்பார். முந்தின நாள் ஆற்றங்கரையிலிருந்து அவரை மீட்டு வந்திருந்தார்கள்.

"கொஞ்சம் வச்சுக்கிறீங்களா ஆயா? வீட்ல பூட்டி வைக்க மனசு வரல."

"இது புள்ளைங்க கொட்டாய்லா," என்று ரோசம்மா முறைத்தாள். அதற்குள் சன்னாசி உள்ளே போய், ஒரு கயிற்றைப் பிடித்து மெல்ல ஆட்டத் தொடங்கியிருந்தார். அவள் முகம் இளகியது. "சரி, விட்டுட்டுப் போ. கோப்பி குடிப்பாருல்ல?"

பிறகு, இதேபோல வேலைக்குப் போகிறவர்கள் விட்டுப்போக, கண் மங்கிய இருளாயி வந்தாள். அப்பாவு வந்தார். மத்தியானங்களில் எல்லாரும் பாயில் சாய்ந்து, வெட்டிப்போட்ட மரங்களை ஒவ்வொன்றாகப் பேசிப் பேசியே நட்டார்கள். கேட்டுக்கொண்டே ரோசம்மாவும் கண்ணயர்வாள். தூக்கத்தில் பழைய தோப்பின் நிழல் அவள் மேல் விழும்.

இந்தச் சுகம் தோட்டத்தை நடத்தும் துரைக்குப் பொறுக்குமா? பிள்ளைகள் இல்லாத கொட்டகையை உரக் கிடங்காக்கப் போவதாகக் கணக்கெழுதும் கிராணி வந்து சொன்னார்.

மறுநாள் ரோசம்மா வாழ்க்கையிலேயே முதல் தடவையாகப் பெரட்டில் போய் நின்றாள். நல்லம்மாளின் பெயர் வந்தது. அவள் வரிசையை விட்டு வெளியே வந்தாள்.

"கொட்டாய மூடுனா நான் வேலைக்கு வர முடியாது தொரே. அப்பாவ யாரு பாப்பா?"

இன்னும் சில பெண்களும் அவள் பக்கத்தில் போய் நின்றார்கள். துரை ரோசம்மாவைப் பார்த்தார்.

"அம்மாமாருங்க வேலைக்கு வரணும்னுதானே அன்னைக்குக் கட்டுனீங்க?" என்றாள் அவள். "இன்னைக்கும் அதுக்குத்தான் கேக்குறோம்."

செம்பனைக் குலை பழுத்துக் கிடந்த நேரம். துரை வரிசையில் விழுந்த ஓட்டையைப் பார்த்தார். கிடங்கு வேறிடத்தில் கட்டலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த விடியலில் சன்னாசி மகளின் சட்டைக் கையை விடவில்லை. ரோசம்மா அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். நல்லம்மாள் குனிந்த தலையோடு நடந்தாள், அப்படியே அப்பாவைப் போல.

"திரும்பிப் பாக்க மாட்டா," என்றார் சன்னாசி, பனியைப் பார்த்துக்கொண்டே. "நீங்கதான சொல்லியிருக்கீங்க."

ரோசம்மாவுக்குத் தான் போட்ட சட்டத்தின் மேலேயே கோபம் வந்தது.

"ஏ நல்லம்மா," என்று கூப்பிட்டாள். "திரும்பிப் பாத்துட்டுப் போம்மா."

பனிக்குள் அவள் நின்று திரும்பினாள். சன்னாசி கையைத் தூக்கினார்.