கொழுந்துத் தட்டில் காய்ந்த புத்தகங்கள்

என் மேசையில் ஒரு பயண நூல் கிடக்கிறது. மேலட்டை வில்லாக வளைந்திருக்கிறது. முதுகில் ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு. உள்ளே ஒரு பக்கத்தில் டம்ளர் அடியளவுக்கு வட்டமான தேநீர்க் கறை. கறையை ஒட்டி நீல மசி கரைந்து மேகம்போல் படர்ந்திருக்கிறது. அந்த மேகம் ஒரு காலத்தில் என் கையெழுத்தாக இருந்தது. கறை வைத்தவர் யார், எந்தத் தேதியில், அவருக்கு எத்தனை மாதம் தடை என்று குண்டு குண்டாக எழுதியிருந்தேன். புத்தகத்தை மூக்கருகே கொண்டுபோனால் இன்றும் பச்சைக் கொழுந்தின் வாசம் வருகிறது. வரவில்லை, எல்லாம் உங்கள் நினைப்பு என்கிறார்கள் வீட்டில். வருகிறது.

கேரள மாநிலம் பிறந்த பின் வந்த முதல் மழைக்காலம் அது. நான் சித்திரபுரம் என்னும் மலையூரில் குமாஸ்தா. சாயங்காலங்களில் எங்கள் வாசகசாலைக்குச் சம்பளமில்லாத செயலாளர். ஒற்றை அறை, தகரக் கூரை, ஒரு பெரிய அலமாரி. அதிலிருந்த புத்தகம் ஒவ்வொன்றும் யாரோ ஊருக்குப் போய்வரும்போது பெட்டியில் துணிக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தது. அந்த மலையில் அவ்வளவு தமிழ்ப் புத்தகம் வேறெங்கும் கிடையாது. போனால் போனதுதான். அதனாலேயே எனக்குச் சட்டதிட்டங்கள் அதிகம். பூச்சிக்குப் பயந்து அலமாரியின் உட்புறம் முழுக்கத் தகரம் அடித்திருந்தேன். உள்ளே தேநீர் கொண்டுவரக் கூடாது என்று பலகை மாட்டியிருந்தேன்.

அந்தப் பலகையை மதிக்காதவர் பக்கத்து எஸ்டேட் டீமேக்கர். கொழுந்து உள்ளே வந்து தூளாகி வெளியே போகும்வரை தொழிற்சாலையில் எல்லாவற்றுக்கும் பொறுப்பு அவர்தான். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், எங்கள் வாசகர்களில் அவரளவு படித்தவர் இல்லை. ஆனால் கையில் டம்ளர் இல்லாமல் பக்கம் புரளாது. இந்தப் பயண நூலில் கறையைக் கண்டதும் ஆறு மாதம் தடை விதித்தேன். "தேயிலக் காட்டுல குடியிருந்துகிட்டு டீக்கறைக்குக் கோவப்படுதீரே! மழைக்கும் தடை போட்டுருவீரோ?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

மழைக்குத் தடை போட முடியவில்லை. ஒரு சனிக்கிழமை அடித்த காற்றில் கூரைத் தகரம் ஒன்று பறந்தது. ஞாயிறு காலை ஏழு மணிக்கு அலமாரியைத் திறந்தேன். மேல் இடுக்கு வழியாக இறங்கிய தண்ணீர், நான் அடித்த தகரத்தால் வெளியேற வழியின்றி உள்ளேயே தேங்கி நின்றது. மரப்பலகை மட்டும் இருந்திருந்தால் பாதியாவது ஒழுகிப் போயிருக்கும். புத்தகங்கள் ஊறிய ரொட்டிபோல் உப்பியிருந்தன. எங்கள் மூடுபனியில் துவைத்த வேட்டி காயவே நான்கு நாள் ஆகும். ஈரத் தாளில் இரண்டே நாளில் பூசணம் பிடித்துவிடும். காற்றும் உலர்ச்சியும் உள்ள ஒரே இடம் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடி. அதன் சாவி, நான் தடை விதித்த மனிதரின் இடுப்பில்.

போய் நின்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "தடை இன்னும் நாலு மாசம் பாக்கி இருக்குல்லா?" என்றார். சொன்ன கையோடு, புத்தகங்களை ஏற்றிவர லாரியைக் கிளப்பச் சொல்லிவிட்டார்.

மாடியில் சாக்குத்துணி கட்டிய தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூரைவரை. சனிக்கிழமைக் கொழுந்து அப்போதுதான் கீழே இறங்கியிருந்தது. திங்கள் பதினோரு மணிக்கு அடுத்த கொழுந்து வரும்வரை மாடி எங்களுடையது. கொழுந்து பரப்பும் பெண்கள் இருவர் உதவிக்கு வந்தார்கள். மூத்தவர் ஒரு தடித்த புத்தகத்தைத் தூக்கிப் பார்த்து, "ஏன் சார், இந்தக் கொழுந்துல காம்பு இம்புட்டுத் தடியாவா இருக்கும்? கங்காணி கண்டா ஏசுவாரே!" என்றார். புத்தகங்களை விசிறிபோல் விரித்து நிற்க வைத்தோம். படப் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, தேயிலைப் பெட்டிக்குள் போடும் மெல்லிய தாளை இடையிடையே செருகச் சொன்னவர் டீமேக்கர். காற்றாடிகள் ஓட ஆரம்பித்து, ஆயிரக்கணக்கான பக்கங்கள் ஒரே நேரத்தில் படபடத்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த ஓசையை நான் பிறகு எங்கும் கேட்டதில்லை.

ஆனாலும் எனக்குப் பொறுமை இல்லை. கீழே தேயிலையை வறுக்கும் டிரையர் கனன்றுகொண்டிருந்தது. சூடு வைத்தால் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடுமே என்றேன். "வாட்டுதது வேற, வறுக்குதது வேற வே. காத்து போதும், சும்மா கெடக்கட்டும்" என்றார். அவர் சாப்பிடப் போன நேரத்தில் ஒரே ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு டிரையர் வாய்க்கு ஓடினேன். ஏற்கெனவே கறைபட்டதுதானே என்று இந்தப் பயண நூலைத்தான் எடுத்தேன். கால் மணி நேரத்தில் அட்டை வளைந்தது. முதுகு டப்பென்று வெடித்தது. திரும்பினால் அவர் நிற்கிறார். திட்டவில்லை. "இது என் கணக்குல வராது, சொல்லிட்டேன்" என்றார்.

திங்கள் காலை தட்டு தட்டாகப் பார்த்தார். பக்கத்தைக் கன்னத்தில் வைப்பார். குளிர்ந்தால் இன்னும் ஈரம். கீழ்வரிசைகள் குளிர்ந்தன. பத்தே முக்காலுக்கே முதல் லாரியின் ஹாரன் கேட்டது. ஈரக் கொழுந்தைக் காக்க வைத்தால் அவர் வேலைக்கே ஆபத்து. புத்தகங்களை இறக்கினால் பாதி போய்விடும். "மேல் தட்டுல கொழுந்து, கீழ் தட்டுல இவரு கொழுந்து. மெல்லிசாப் பரப்புங்கம்மா" என்றார் பெண்களிடம். "தொரை கேட்டா?" என்றார் மூத்தவர். "புதுச் செடின்னு சொல்லுதேன். அவரு தமிழ் வாசிக்கவா போறாரு?"

எஸ்டேட் துரை அன்று மாடிக்கு ஏறி வரவில்லை. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கடைசிப் புத்தகமும் இறங்கியது. அலைஅலையாகச் சுருங்கிய தாள்கள், கொழுந்து வாசம். ஆனால் ஒன்றிலும் பூசணம் இல்லை. நான் குதித்தேன் என்றால் நம்புவீர்களா? அந்தப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நனைந்த நூல்களுக்குச் சூடு ஆகாது, நகரும் காற்றே நல்லது என்று பின்னாளில் படித்தபோதெல்லாம் அவர் கன்னம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

பிறகு இந்த நூலைத் திறந்து பார்த்தோம். அவர் கறை அப்படியே இருந்தது. நான் மசியில் எழுதிய குற்றப்பத்திரிகை கரைந்து போயிருந்தது. பெட்டிகளில் குறியிட வைத்திருந்த பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, "திரும்ப எழுதும் வே. இது தண்ணிக்குப் போகாது" என்று நீட்டினார். என்னால் எழுத முடியவில்லை. அவரே வாங்கிக் கறையின் கீழே 'இது நான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பென்சில் மறுபடியும் என் கைக்கு வந்தது. வெடித்த முதுகை ஒட்டி, உள்ளட்டையில் நானும் எழுதினேன்.

அன்றிலிருந்து புத்தகங்களில் எதைக் குறிப்பதானாலும் பென்சிலில்தான் குறிக்கிறேன். சற்று முன்பும் ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தேன். உள்ளட்டையில் ஒன்று, கறையின் கீழே ஒன்று: 'இது நான்', 'இது நான்.' இரண்டும் தெளிவாக இருக்கின்றன. பக்கத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். குளிரவில்லை.