கச்சான் குடித்த டீசல்

ஒரு லிட்டர் டீசல் எங்கள் வீட்டுச் செம்பில் கழுத்துவரைகூட வராது. அந்தச் சிறு அளவு என்னென்ன செய்கிறது என்று எழுபது வயது தாண்டித்தான் யோசித்துப் பார்த்தேன். கல்யாணமான புதிதில் ஒரு கூடை மீனைத் தலையில் வைத்துக்கொண்டு ஆத்தூர் வரைக்கும் நடந்திருக்கிறேன். புறப்படும் முன் ஒரு செம்பு நீராகாரம் குடிப்பேன். அது ஒரு கூடையைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அதே செம்பில் ஊற்றிய ஒரு லிட்டர் டீசல் முப்பது பெட்டி மீனையும், அதன் மேல் கொட்டிய ஐஸையும், இத்தனை இரும்பையும், இரண்டு ஆட்களையும் தூக்கிக்கொண்டு பத்துக் கிலோமீட்டர் ஓடுகிறது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கும்.

நான் மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் கூறு போடத் தெரியும். கரையில் வந்து இறங்கும் மீனை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் கண் மூடித் திறப்பதற்குள் கூறு வைத்துவிடுவேன், ஒருத்தியும் குறை சொன்னதில்லை. அந்தக் கணக்குத்தான் இந்தக் கதையிலும் எனக்கு உதவியது.

என் வீட்டுக்காரர் சங்கு குளித்தவர், பிறகு வள்ளம் வைத்திருந்தவர். அவர் போன பிறகு வள்ளத்தைக் கொடுத்துவிட்டு ஒரு பிக்கப் வண்டி வாங்கினேன். தூத்துக்குடிக் கரையில் மீன் ஏற்றித் திருநெல்வேலி மார்க்கெட்டில் இறக்கும் வண்டி. ஓட்டுவது என் கொழுந்தன். அவருடைய தம்பி. அவனும் அண்ணனோடு சங்கு குளித்தவன்தான். கடலை விட்டுக் கரையேறி ஸ்டியரிங் பிடித்தான்.

மீன் வண்டிக்கு வெயில் படாமல் கூண்டு கட்ட வேண்டும். எல்லோரும் கடையில் விற்கிற தார்ப்பாய் வாங்கிக் கட்டுவார்கள். நான் வள்ளத்தை விற்றபோது கொடுக்காமல் வைத்திருந்த பாய்மரத்துப் பாயை எடுத்துக் கொடுத்தேன். நல்ல கனத்த துணி. டிரைவர் தலைக்கு மேல் ஒரு முழம் உயரத்துக்குக் கம்பி வளைத்து, அதன் மேல் அந்தப் பாயைப் போர்த்தச் சொன்னேன். முன்பக்கம் மாதா படம் எழுதிய பலகை. வண்டி தெருவுக்குள் வரும்போது எங்கள் வள்ளமே வருகிற மாதிரி இருக்கும். கரையில் எல்லோரும் நின்று பார்ப்பார்கள். எனக்கு அதில் பெருமை உண்டு, மறைக்கவில்லை.

வண்டி விற்றவர்கள் லிட்டருக்குப் பதினெட்டுக் கிலோமீட்டர் கிடைக்கும் என்றார்கள். கிடைத்தது பதினொன்றோ பன்னிரண்டோதான். முதலில் நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. என்னைப் போலவே வண்டி வைத்திருக்கிற கருவாட்டு வியாபாரி ஒருத்தி கரையில் பத்துப் பேர் நடுவில் கேட்டாள்.

"ஏளா, எம் வண்டி பதினாறு குடுக்கு. உனக்கு மட்டும் என்ன பதினொண்ணு? டேங்குல ஓட்டையா, ஓட்டுதவன் கையில ஓட்டையா?"

பெண்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் காந்தியது. அந்தச் சூட்டிலேயே, பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த கொழுந்தனைப் பார்த்து, "தம்பி, மிச்ச டீசலு எங்க போகுது?" என்று கேட்டுவிட்டேன்.

அவன் கையில் இருந்த பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தான். சாவியை எடுத்து ஐஸ் பெட்டி மேல் வைத்தான்.

"நாளைக்கு நீங்களும் வண்டியில ஏறுங்க மைனி. எங்க போகுதுன்னு உங்க கண்ணால பாத்துக்கிடுங்க. அதுக்கப்புறம் வேற ஆளு வச்சிக்கிடுங்க."

அவ்வளவுதான் சொன்னான். அவன் கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவனுடைய ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் ஒருத்தர் அவனைப் பார்த்துக் கையை நீட்டிச் சொல்லாத சொல்லை நான் சொல்லிவிட்டேன். சொன்னது நிஜமென்றால் அவன் பெயர் கெட்டது. பொய்யென்றால் என் பெயர் கெட்டது. எப்படியானாலும் எனக்கு உண்மை தெரிந்தாக வேண்டும்.

மறுநாள் காலையில் மீன் ஏற்றியபின் ஏறி உட்கார்ந்தேன். என் வண்டியில் முன் சீட்டில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பைபாஸ் பக்கத்துப் பங்க்கில் சமதரையாகப் பார்த்து நிறுத்தினான். அளக்கிற வழி சின்னதுதான். டீசல் தொட்டியைக் கழுத்து முட்ட நிரப்ப வேண்டும். ஓட்ட வேண்டும். மறுபடி அதே அளவுக்கு நிரப்ப வேண்டும். ரெண்டாந்தடவை எத்தனை லிட்டர் இறங்குகிறதோ, அவ்வளவுதான் வண்டி குடித்தது. இதில் யாரும் ஏமாற்ற முடியாது.

டீசல் அடிக்கிற பெண் குழாயை விட்டாள். டப்பென்று தானாக நின்றது. நிறைந்துவிட்டது என்றாள். கொழுந்தன், "நுரை அடங்கட்டும்" என்றான். அடங்கியபின் பார்த்தால் நல்ல பள்ளம். இன்னும் ஊற்றினாள். நான் இறங்கிப் போய்த் தொட்டியின் வாய்க்குள் ஆள்காட்டி விரலை விட்டேன்.

"ஆச்சி, கைய எடுங்க" என்று அந்தப் பெண் பதறினாள்.

முதல் கணு நனைந்தது. அதுதான் என் அளவு. வண்டி ஓடிய கிலோமீட்டர் எண்ணைச் சாக்பீஸால் கதவின் உள்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். எண் எனக்கு நன்றாக வரும்.

அது ஆனி மாதம். எட்டு மணிக்கு மேல் கச்சான் எழும்பிவிடும். மேற்கிலிருந்து வருகிற காற்று. நாங்கள் போவதும் மேற்கே. வாகைக்குளம் தாண்டியதும் காற்று வண்டியை முகத்தோடு முகமாகப் பிடித்தது. வல்லநாட்டு மலை நெருங்க நெருங்க அது மதம் பிடித்த மாதிரி வந்தது. ரோட்டோரத்து உடைமரமெல்லாம் எங்களைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றது.

கொழுந்தன் பேசாமலே ஓட்டினான். ஒரு இடத்திலும் காலை அழுத்தி மிதிக்கவில்லை. நான் அவன் காலையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்துதானோ என்னவோ, "தண்ணிக்குள்ள போனவன் காலை அடிச்சா மூச்சு சட்டுனு தீந்துரும், மைனி. வண்டியும் அப்படித்தான்" என்றான்.

அப்போதுதான் பின்னாலிருந்து அந்தச் சத்தத்தைக் கவனித்தேன். அதுவரை ரோட்டுச் சத்தம் என்று நினைத்திருந்தேன். பாயில் காற்று நிறைந்து விம்முகிற சத்தம். கயிறு இழுபட்டு முனகுகிற சத்தம். எத்தனை வருசம் கரையில் நின்று கேட்ட சத்தம் அது! ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்தேன். கூண்டின் முன்பக்கம் கம்பியோடு ஒட்டிப் பள்ளமாகக் குழிந்திருந்தது. பக்கவாட்டில் துணி பந்தாகப் புடைத்து நின்றது.

ஒரு வள்ளத்தை நாலு ஆளோடும் வலையோடும் தள்ளிக்கொண்டு போகிற பாய் அது. எனக்குத் தெரியாதா அதன் பலம்? அதை நானே எடுத்து, காற்றுக்கு எதிரே போகிற வண்டியில் விரித்துக் கட்டியிருக்கிறேன். எஞ்சின் முன்னே இழுக்க, என் பாய் பின்னே இழுக்க, நடுவில் மீன். கடலறியாத ஒருத்தி என் இடத்தில் இருந்திருந்தால் கடைத் தார்ப்பாயை இறுக்கிக் கட்டிவிட்டுப் போயிருப்பாள்.

திருநெல்வேலியில் மீனை இறக்கி, அங்கே ஒரு பங்க்கில் நிரப்பினோம். நுரை அடங்கவிட்டு, விரல் கணு நனைகிற வரைக்கும். ஐந்தரை லிட்டர் இறங்கியது. ஓடியது ஐம்பத்திரண்டு கிலோமீட்டர். ஐம்பத்திரண்டை ஐந்தரைக் கூறு போட்டேன். கூறுக்கு ஒன்பதரை. திரும்பி வரும்போது வண்டி காலி, கச்சான் முதுகில். தூத்துக்குடி வந்து நிரப்பினால் மூன்றே கால் லிட்டர்தான் கேட்டது. கூறுக்குப் பதினாறு.

நான் தொட்டியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. டீக்கடையில் நிறுத்தியபோதுகூட தொட்டிப் பக்கத்திலேயே நின்று டீ வாங்கிக் குடித்தேன். ஒரு சொட்டும் எங்கும் போகவில்லை. அதே ரோடு, அதே வண்டி, அதே கால். போகும்போது ஒரு வயிறு, வரும்போது ஒரு வயிறு. கண்ணுக்குத் தெரியாத காற்றுக்கும், கண்ணெதிரே சொட்டிக்கொண்டு போகிற ஐஸுக்கும் ஒரு எண் உண்டு, அதை ஒரு விரல் கணுவை வைத்து நான் பிடித்துவிட்டேன் என்பதை என்னாலேயே நம்ப முடியவில்லை. அன்றைக்குப் பங்க்கில் நின்று அந்தச் சாக்பீஸ் எண்களைக் கோவில் பீடத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். கருவாட்டுக்காரி வண்டிக்குப் பதினாறு ஏன் வராது? கருவாட்டுக்கு என்ன கனம், அவளுக்கு ஐஸ் ஏது?

அப்புறம்தான் கொழுந்தனிடம் கேட்டேன். பாயால்தான் இப்படி என்று உனக்கு முன்னமே தெரியுமா என்று.

"தெரியும்."

"சொல்லியிருக்கலாம்லா?"

அவன் வண்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "அது அண்ணன் பாயி. கழட்டுங்கன்னு நா எந்த வாயால மைனி சொல்ல?"

பத்துப் பேர் முன்னால் திருடன் பட்டம் வாங்கினாலும் வாங்குவேன், அண்ணன் பாயை இறக்கச் சொல்ல மாட்டேன் என்று ஒருவன் இருந்திருக்கிறான். காற்றை அளந்துவிட்டேன். இவனை எந்தத் தொட்டியில் ஊற்றி அளப்பது?

அன்று மாலை நானே கயிற்றை அவிழ்த்துப் பாயை இறக்கினேன். உயரக் கம்பியையும் மாதா பலகையையும் கழற்றிவிட்டு, பெட்டிகளோடு படிய ஒரு தார்ப்பாய் வாங்கிக் கட்டினோம். மறுநாளும் ஏறினேன். அதே பாரம், அதே கச்சான். போக நாலரை லிட்டர்தான். ஒரு லிட்டர் மிச்சம். முந்தின நாள் வரைக்கும் தினம் ஒரு லிட்டரைக் கச்சானுக்குக் குடிக்கக் கொடுத்திருக்கிறேன். வரும்போது பெரிய மாற்றமில்லை. அந்தப் பதினெட்டு கடைசி வரைக்கும் வரவில்லை. காலி வண்டியைக் காற்றில்லாத நாளில் ஓட்டிப் பார்த்துச் சொன்னதாக இருக்கும் என்றான் கொழுந்தன்.

உண்மை தெரிந்துவிட்டது. ஆனால் அவன் சொன்ன சொல் அப்படியே இருந்தது: வேற ஆளு வச்சிக்கிடுங்க. வீட்டுக்குள் வைத்து நான் மன்னிப்புக் கேட்டால் அது கணக்கில் சேராது. சொன்ன இடத்தில்தான் சொல்லைத் திரும்ப எடுக்க வேண்டும். நான் என் ஆயுசில் கரையில் நின்று யாரிடமும் தாழ்ந்து பேசியதில்லை. இரவெல்லாம் அந்த வார்த்தையை வாயில் வைத்து உருட்டினேன்.

காலையில் ஏலம் முடிந்து பெண்களெல்லாம் கூடி நின்றார்கள். கருவாட்டுக்காரியும் நின்றாள். கொழுந்தன், தான் சொன்னபடி இதுதான் கடைசி நாள் என்று பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தான்.

"ஏளா, கேட்டியே, ஓட்டை எங்கன்னு. டேங்குலயும் இல்ல, அவன் கையிலயும் இல்ல. எம் புத்தியில இருந்துச்சு. எல்லாரும் கேட்டுக்கிடுங்க. இவன் ஒரு சொட்டு எடுக்கல. நாந்தான் பாயைக் கட்டிக் காத்துக்குக் குடுத்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. கருவாட்டுக்காரி மட்டும், "பாயக் கட்டினா வண்டி கடல்லல்லா ஓடணும்" என்றாள். பிறகு அவளே தன் கூடையைக் கீழே வைத்துவிட்டு ஒரு பெட்டிக்குக் கை கொடுத்தாள்.

நான் கொழுந்தன் பக்கம் திரும்பினேன். "தம்பி, நான் சொன்னது தப்பு" என்றேன். அவன் தார்ப்பாயின் கடைசிக் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டான். முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஐஸ் உருகுது மைனி. ஏறுங்க" என்றான்.