ஆறினால்தான் ஒட்டும்

என் தங்கை இருசாயி ஜெயித்தவற்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலையிறங்கும் பஸ்ஸில் தினமும் வந்த வாந்தியை ஜெயித்தாள். சட்டைக் கம்பெனியில் தரை கூட்டப் போனவள் பியூசிங் மெஷினில் நின்றாள். கடைசியில் தன் கட்டைவிரலையே ஜெயித்தாள். அவள் பள்ளிக்கூடம் போகாதவள். நான் ஐந்தாவது வரை போனவன். அதனால் எழுதுவது என் பொறுப்பாயிற்று.

மலைமேல் திருப்புலி நாட்டில் எங்களுக்கு மரவள்ளியும் கொஞ்சம் மிளகும் உண்டு. அவள் கணவன் சென்றாயன் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்த பிறகு, அடிவாரத்துக் கம்பெனிச் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது.

சட்டைக் காலர் விறைப்பாக நிற்க உள்ளே கேன்வாஸ் வைப்பார்கள். அதன் ஒரு பக்கம் பொடிப்பொடியாகப் பசைப் பொட்டுகள் இருக்கும். மேல்துணியோடு சேர்த்து பியூசிங் மெஷினுக்குள் விட்டால், சூட்டில் பசை உருகி, உருளை அழுத்த, இரண்டும் ஒரே துணியாக வெளியே வரும். சூடு குறைந்தால் ஒரே சலவையில் பிரிந்துவிடும். கூடினால் மஞ்சள் படரும்.

இருசாயி மெஷினில் நின்ற முதல் வாரமே காலர்கள் மஞ்சளாயின. சூப்பர்வைசர் பூங்குழலி பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். காலர் வெளியே வந்ததும் இருசாயி கட்டைவிரலால் மூலையைக் கிள்ளினாள். பிரிந்தது. மறுபடி உள்ளே விட்டாள்.

“ஏம் புள்ள, இதென்ன குச்சிக்கெழங்கா? வெந்துருச்சான்னு கிள்ளிப் பாக்கற?”

“அப்படியே உப்பும் பாத்துருங்கக்கா,” என்றாள் எதிர் மேசை ரஞ்சிதா. லைனே சிரித்தது.

“பிரியுதுங்களே. வேகலீங்க,” என்றாள் இருசாயி.

“சூட்டோட கிள்ளுனா பிரியாம? ரெண்டு தடவ வேகவெச்சா மஞ்சளாகாம என்ன பண்ணும்? இந்த வாரமும் இப்படியே போச்சுன்னா மறுபடியும் வெளக்குமாறுதான், சொல்லிப்போட்டேன்.”

இருசாயி காலரை ஒருமுறை திருப்பிப் பார்த்தாள். “அப்ப இது கெழங்கு இல்லீங்க, களி. ஆறுனாத்தான் இறுகும்.”

“எதுவோ ஒண்ணு. கைய எடு மொதல்ல.”

அன்றிலிருந்து தட்டில் பரப்பி ஆறவிட்டே தொட்டாள். மஞ்சள் நின்றது, வேலையும் நிலைத்தது. ஆனால் கிள்ளிக் கிள்ளித் தீய்ந்த கட்டைவிரல் காய்த்து, ரேகை மழுங்கிப் போயிருந்தது. வருகைக்குப் புதிதாகக் கட்டைவிரல் பதிக்கும் மெஷின் வைத்தபோது, எல்லோரையும் ஏற்றுக்கொண்ட அது இவளை மட்டும் ஏற்கவில்லை. வருகை இல்லையென்றால் சம்பளம் இல்லை. விரல் பதியாதவர்கள் திங்கட்கிழமை முதல் கையெழுத்துப் போடலாம் என்றது ஆபீஸ். இவளுக்கு அதுவும் தெரியாது.

ரஞ்சிதாதான் கழிவுக் கேன்வாஸில் சாக்பீஸால் இவள் பெயரைப் பெரிதாக எழுதிக் கொடுத்தாள். இருசாயி எழுத்துகளை ஒவ்வொன்றாக வெட்டி, நீலத் துண்டுத்துணிமேல் வரிசையாக வைத்து மெஷினுக்குள் விட்டாள்.

அன்று சாயங்காலம் சோளக்காடு நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதும் அவள் ஆள்காட்டி விரல் அந்தத் துணிமேலேயே ஊர்ந்துகொண்டிருந்தது.

“என்ன கண்ணு தடவிக்கிட்டே வார?” என்றேன், கூட்டிப்போக நின்றிருந்த நான்.

“எம் பேருங்கண்ணா. பிரியாது, ஆறவெச்சுட்டேன்.”

களி கிண்டும்போதும் மிளகு ஆயும்போதும் மடியில் அந்தத் துணி கிடந்தது. தரையில், மாவில், சென்றாயன் முதுகில்கூட எழுதிப் பார்த்தாள்.

ஆபீஸ் வருகை நோட்டில் எழுதியபோது கடைசி எழுத்தின் சுழி கட்டத்தைத் தாண்டிவிட்டதாம். “மை காயற வரைக்கும் கைய வெக்காத புள்ள,” என்றாராம் பூங்குழலி. என் தங்கை முதன்முதலில் தன் பெயரைக் கையெழுத்திட்ட நாள் 2024 பிப்ரவரி 12, திங்கட்கிழமை.