ஷாகிதா எழுதிய கேமரா

ஷாகிதா இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது செம்பூர் ஸ்டேஷனில் பன்வேல் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். அவருடைய போனிலிருந்து அவருடைய கணவர் ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் இரண்டே வரி எழுதியிருந்தார். காய்ச்சல் என்று விடுப்பில் போனவர். இப்படி முடியும் என்று நம்மில் யார் நினைத்தோம்? வந்த வண்டியை விட்டுவிட்டுத் தாராவிக்குக் கிளம்பினேன்.

அவர் அங்கேயே பிறந்து வளர்ந்தவர். நெல்லைப் பக்கத்திலிருந்து வந்து தோல் பட்டறை வைத்த குடும்பம். நம் அலுவலகத்தில் அவர் மொபைல் செயலிகள் எழுதினார். அவர் எழுதியதில் குறை கண்டுபிடிப்பது என் வேலை. அதனால் எங்களுக்குள் சண்டைக்குக் குறைவே இருந்ததில்லை. அவர் கோபம் உங்களுக்கும் தெரியும்.

நாங்கள் சேர்ந்து ஒரு செயலி செய்தோம். சர்க்கரை நோயாளிகளின் கால்புண்ணைச் செவிலியர் அவர்கள் வீட்டிலேயே படமெடுத்து மருத்துவருக்கு அனுப்பும் செயலி அது. முதலில் சுலபமான வழியில் செய்திருந்தோம். பட்டனை அழுத்தினால் போனின் சொந்தக் கேமரா திறக்கும். எடுத்த படம் எங்கள் செயலிக்குத் திரும்பி வரும். ஆபீஸ் போன்களில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. செவிலியர்களின் பழைய போன்களிலோ, கேமரா திறந்ததும் நினைவகம் போதாமல் செயலி மூடிக்கொள்ளும். எடுத்த படம் தொலைந்துபோகும்.

புகார் வந்ததும் ஷாகிதா ஒரு செவிலியரோடு நோயாளி வீட்டுக்கே போனார். இட்லி வியாபாரம் செய்யும் பெரியவர். படமெடுத்துக் கட்டுப் போட்ட பிறகுதான் படம் இல்லை என்று தெரிந்திருக்கிறது. மறுபடி கட்டைப் பிரித்தபோது அவர் பல்லைக் கடித்துக்கொண்டாராம். திரும்பி வந்த ஷாகிதா பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

“அந்த மனுசன் கட்ட ரெண்டாந்தடவ பிரிக்க வச்சிட்டோம், முருகேசா. இது நாம பண்ணுன வேல” என்றார்.

பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டு, செயலிக்குள்ளேயே இயங்கும் கேமராவை எழுத உட்கார்ந்தார். நம் திரையிலேயே காட்சி தெரிய வேண்டும், அழுத்திய கணமே படம் பத்திரமாகச் சேமிக்கப்பட வேண்டும். ஒரு போனில் படம் பக்கவாட்டில் படுத்துக்கொண்டது. இன்னொன்றில் இருண்டு போனது. சொந்தக்காரர்களின் பழைய போன்களையெல்லாம் வாங்கி வந்து மேசையில் பரப்பி, ஒவ்வொன்றாகச் சரிசெய்தார். அதன்பின் அப்படி ஒரு புகார் வந்ததாக எனக்கு நினைவில்லை.

பிறகு, அந்தச் செயலியைச் செய்யச் சொன்ன வாடிக்கையாளர் ஒன்று கேட்டார். செவிலியர் நோயாளி வீட்டுக்கு நேரில்தான் போகிறாரா என்று உறுதிசெய்ய, அவருக்குத் தெரியாமல் முன்கேமராவில் ஒரு படம், சத்தமும் காட்சியும் இல்லாமல் எடுக்க வேண்டும். மாட்டுங்காவில் வளர்ந்த தமிழரான நம் மேலாளர் இதைச் சின்ன மாற்றம் என்றார். ஷாகிதாவும் அதை மறுக்கவில்லை, அரைநாள் வேலைதான் என்றார். பிறகு சொன்னார்: “எழுதத் தெரியும் சார். ஆனா ஆளுக்குத் தெரியாம எடுக்கிற போட்டோவுக்கு நான் எழுத மாட்டேன்.”

அந்த வேலையிலிருந்து அவரை மாற்றினார்கள். அடுத்து வந்தவரும் எழுத மறுத்தார். கடைசியில், செவிலியர் தன்னைத் திரையில் பார்த்துத் தானே அழுத்தும் படமாக அது மாறியது. ஷாகிதாவைத் திரும்ப அழைக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. கொடுத்த வேறு வேலையை அதே முனைப்போடு செய்தார்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து அவருடைய கணவர் ஒரு நல்ல படம் கேட்டார். சோதனைக்காகத் தன் முகத்தையே எத்தனையோ முறை எடுத்தவர் ஆயிற்றே என்று ஆபீஸில் சோதனைக்கு வைத்திருந்த எல்லாப் போன்களிலும் தேடினேன். ஒன்றுகூட இல்லை. படம் போய்ச் சேர்ந்ததும் போனிலிருந்து அழிந்துவிட வேண்டும் என்று அவர்தான் எழுதியிருந்தார். தயங்கித் தயங்கிச் சொன்னேன். “அவ எழுதுனது ஒழுங்கா வேல செய்யுதுல்ல” என்றார் அவர். கண் கலங்கியிருந்தது.

என்னிடம் ஷாகிதா விட்டுப்போனது ஒரு பழக்கம். சோதனைக்கு என்றாலும், போனை ஒருவர் பக்கம் திருப்புமுன் “எடுக்கட்டுமா?” என்று கேட்பார், பதில் வரும்வரை காத்திருப்பார். இப்போது நானும் கேட்கிறேன். போன வாரம் என் மகளிடம் கேட்டேன். “வேண்டாம்ப்பா” என்றாள். போனைக் கீழே வைத்துவிட்டு அவளோடு பேசிக்கொண்டிருந்தேன்.