கையால் நிறுத்தப்பட்டது

என் நாட்குறிப்பில் மார்கழியின் முதல் செவ்வாய்க்கிழமைக்குக் கீழே இந்த வரியை அப்படியே எடுத்து எழுதியிருக்கிறேன்: “மஸ்டர் கொட்டகை இணைப்பு துண்டிப்பு. காரணம்: மின்சாரம் கையால் நிறுத்தப்பட்டது. நம்பகம்: உயர்வு.”

இதை எழுதியது மனிதனல்ல. எங்கள் காபி எஸ்டேட்டின் வைஃபையைக் கண்காணிக்க, சேலத்து நிறுவனம் ஒன்று சித்திரையில் கொண்டுவந்து வைத்த மென்பொருள். தானாகவே கற்றுக்கொள்ளும், கோளாறு எங்கே என்று தானாகவே சொல்லும் என்றார்கள். எஸ்டேட்டின் வயர்லெஸ் வேலைகளைப் பார்த்துவந்த என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வருகை எடுக்கும் அந்த மஸ்டர் கொட்டகையில்தான் காலையில் ஆட்கள் கைரேகை வைப்பார்கள். இணைப்பு அறுந்தால் ரைட்டர் கையால் வருகை எழுதுவார். ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பவரும் அவர்தான். பழம் பறிக்கும் பருவத்தில், வராத ஆளை வந்ததாக எழுத அவரே சுவிட்சை அணைக்கிறார் என்று மேனேஜர் முடிவுகட்ட அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. ரைட்டருக்கு வேலை போனால் எஸ்டேட் கொடுத்த வீடும் போகும்.

எனக்கு அந்த ரைட்டரைப் பிடிக்காது. எதையும் நாள் கிழமையோடு குறித்துவைக்கிற என்னை ஆட்கள் முன்னால் ‘பஞ்சாங்கம்’ என்று கூப்பிடுகிறவர். அன்றும் அதே குரலில்தான் ஆரம்பித்தார்.

“ஏனுங்க பஞ்சாங்கம், உங்க மிசினு என்னையக் களவாணிங்குதாமா?”

“அது என் மிஷின் இல்லீங்க.”

“பின்ன ஆரோடதுங்க? அதுக்குச் சோறு ஊட்டி வளத்தது நீங்கதானுங்களே?”

அவருக்காக நான் இதில் இறங்கவில்லை. பொய் என்று எனக்குத் தெரிந்த ஒன்றின் பக்கத்தில் ‘நம்பகம்: உயர்வு’ என்று இருந்ததைப் பொறுக்க முடியவில்லை.

அந்த மென்பொருள் படித்ததெல்லாம் சமவெளி. கடைகள், கல்லூரிகள், ஆபீசுகள். அங்கே வேலை நாள் காலையில் கருவி அணைந்து எழுந்தால், யாரோ பிளக்கைப் பிடுங்கியிருப்பார்கள். இங்கே கதை வேறு. ஆபீஸ் கூரையிலிருந்து கொட்டகைக் கூரைக்கு இணைப்பு காற்றில்தான் போகிறது. நடுவில் காபிக்கு நிழல் தரும் ஒரு சில்வர் ஓக் மரம். நிறுவனத்து ஆட்கள் சித்திரையில் வந்தது நிழல் மரங்களின் கிளைகளைக் கழித்துவிட்ட கையோடு. மொட்டை மரத்தைப் பார்த்து இதுதான் எங்கள் மலை என்று கற்றுக்கொண்டது அந்த அறிவு. மழைக்குப் பிறகு கிளை தழைத்தது. மார்கழியில் பனி நனைத்த இலைக்கொத்து தாழ்ந்து வந்து குறுக்கே தொங்கும். இணைப்பு போகும். போனால் தானாக அணைந்து எழும்படி கருவியை அமைத்ததும் இவர்களே. தாங்கள் செய்த ஏற்பாட்டையே மனிதக் கை என்று படித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகைக்குப் பூட்டு. அன்று காலை நான் போய் நின்றேன். இணைப்பு போனது. வெயில் ஏறி இலை உலர்ந்ததும் வந்தது. யாரும் பயன்படுத்தாத நாளில் அறுந்தால் மென்பொருள் அதைக் கோளாறாகவே எண்ணாது. அதனால்தான் அதன் கணக்கில் வேலை நாள்கள் மட்டுமே இருந்தன.

திங்களன்று ஆபீசில் ரைட்டர் உட்பட எல்லோர் காதிலும் விழும்படி இதைச் சொன்னேன். நிறுவனத்து இன்ஜினியர் போனில் சிரித்தார்.

“சார், மரத்து மேல பழி போடறது ஈஸி. மாடல் சும்மா சொல்லாது.”

“ஒங்க மாடல் ஏற்காட்டுப் பனியைப் பாத்திருக்குதுங்களா?” என்றேன்.

“வர்ற ஞாயித்துக்கெழமை நேர்லயே காட்டுங்க. அப்பறம் பேசலாம்” என்று மேனேஜர் வெட்டினார்.

வெள்ளிக்கிழமை மாலை வரை கிளை இருந்தது. நானே பார்த்தேன். ஞாயிறு காலை மேனேஜர், இன்ஜினியர், நான் மூவரும் போய் நின்றபோது தண்டில் வெள்ளை வெளேரென்று வெட்டு வாய் மட்டும் இருந்தது. கீழே ஓர் இலைகூட இல்லை. பனி கொட்டியது. இணைப்பு அசையவே இல்லை.

சோதனைக்காக அந்த ஞாயிறையும் மென்பொருளின் கணக்கில் சேர்த்திருந்த இன்ஜினியர் போனைத் திருப்பிக் காட்டினார். புது வரி வந்திருந்தது: “துண்டிப்பு இல்லை. பயனர் நடத்தை மாறியுள்ளது.”

“பாத்தீங்களா சார், மாட்டிக்கிட்டோம்னு தெரிஞ்சதும் ரைட்டர் அணைக்கறத நிறுத்திட்டாரு.”

“பறிக்கிற மாசத்துல எவனாவது கிளை கழிப்பானாங்க? வெட்டு வாயைப் பாருங்க” என்றேன். மேனேஜர் மரத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எந்தத் திரையில் எழுத்து ஓடுகிறதோ அதையே பார்க்கும் ஜாதி.

மறுநாள் ரைட்டரை நீக்கினார்கள். பொங்கலுக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லியாயிற்று. நான் போனபோது வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

“கிளையை நீங்க வெட்டச் சொன்னீங்களா?”

“எனக்கிருந்த ஒரே சாட்சியுங்க அது. நானே வெட்டுவனா?” என்றார். நட்சத்திரத்தை மடித்தபடி, என்னைப் பார்க்காமல் தொடர்ந்தார்: “மறைக்குது மறைக்குதுன்னு நாலு பேருக்குக் கேக்கறாப்புல கத்துனது நீங்க. இந்த மலைல மறைக்கறத வெட்டறதுதானுங்க வேலை. எவனோ நல்லது செய்யறதா நெனச்சுக் கத்திய எடுத்திருப்பான். போங்க, போய் அதையும் எழுதிக்கோங்க.”

உள்ளே வரச் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

இப்போது குடும்பத்தோடு அடிவாரத்தில் வாடகைக்கு இருக்கிறார். மென்பொருள் கொட்டகையைப் பற்றிப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. அதை வெற்றி என்று நிறுவனம் மற்ற எஸ்டேட்டுகளுக்குக் காட்டி வருகிறது.

கிளை வெட்டப்பட்டது வெள்ளி மாலைக்கும் ஞாயிறு காலைக்கும் இடையில். இவ்வளவுதான் உறுதி. மேனேஜர் தான் வெட்டச் சொல்லவில்லை என்கிறார், இன்ஜினியர் அந்த வாரம் ஞாயிறுக்கு முன் அந்தப் பக்கமே வரவில்லை என்கிறார், ஆட்களில் ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. யார் வெட்டியது, யார் சொல்லி வெட்டியது என்பதை இதை எழுதும் நாள்வரை என்னால் சரிபார்க்க முடியவில்லை.