அந்த ஓம் எந்த ஓம்?

பொலிஸ் நிலையத்தில் மொழிபெயர்க்க நான் போன முதல் நாள் அது. அதற்கு முன் சிட்னி ஆஸ்பத்திரிகளில் பிரஷர், சீனி வருத்தம் என்று பேசிக் கொடுத்தவன்.

எதிரே சுதன். செவன் ஹில்ஸில் ஒரு ஸ்டோரில் பெட்டி அடுக்குகிற பொடியன். தற்காலிக விசா. வலக்கையில் பிளாஸ்டர். அதற்கு முந்தின நாள் லிட்கம் ரயில் ஸ்டேஷன் வாசலில் பொலிஸ் அவனிடம் ஐடி கேட்டிருக்கிறது. எடுப்பதற்குப் பொக்கற்றுக்குள் கை விட்டிருக்கிறான். குப்புற விழுத்திக் கையை முறுக்கியதில் மணிக்கட்டு முறிந்தது. வழக்கோ அவன்மேல்: பொலிஸைத் தள்ளினானாம்.

ரெக்கோர்டிங் ஓடியது. அதிகாரி கேட்டதைத் தமிழில் சொன்னேன்: "நீங்கள் பொலிஸைத் தள்ளினீங்களோ?"

சுதன் தலையை ஆட்டினான். "ஓம்... ஓம்..."

நான் "யெஸ்" என்றேன்.

எங்கள் சனம் ஆமாம் என்பதற்குச் சொல்லும் ஓம் லேசுப்பட்டதல்ல. என் மனைவி போனில் அரை மணித்தியாலம் "ஓம், ஓம்" என்று கேட்டுவிட்டு, கடைசியில் "இல்லையக்கா, அது சரிவராது" என்பாள். காதில் விழுகிறது, மேலே சொல்லுங்கள் என்பதுதான் அந்த ஓம்.

சுதன் தொடர்ந்தான்: "நான் ஒருத்தரையும் தள்ளேல்லை. அவைதான் என்ர கையை முறிச்சவை."

அதையும் சொன்னேன். அதிகாரி சிரித்தார். "முதல்ல யெஸ், இப்ப நோ. நல்ல கதை."

என் பிழை அப்போதே விளங்கிவிட்டது. ஆனால் ஊரில் சண்டைக் காலத்துச் செக் பொயின்ற்றுகளில் வாய் பொத்தி வளர்ந்தவன் நான். யூனிஃபோமுக்கு முன்னால் நாக்கு எழவில்லை.

நாலு மாதம் கழித்து அவனுடைய வழக்கறிஞர் போன் எடுத்தார். அபொரிஜினல் பெண், இந்த நாட்டின் பூர்வகுடி. அவர் ஆங்கிலத்தில் கேட்டதை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்.

"ரெக்கோர்டிங் பார்த்தனான். வாய் ஓம் எண்டுது, முகம் சொல்லேல்லை. அந்த ஓம் எந்த ஓம்?"

"உங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சது?"

"எங்கட சனமும் பொலிசுக்கு முன்னால எல்லாத்துக்கும் யெஸ்தான். என்ர தம்பியும் அப்பிடிச் சொல்லித்தான் உள்ளுக்குப் போனவன். உயிரோட வெளியில வரேல்லை. இப்ப அவன்ர படத்தோடதான் நீதி கேக்கிற ஊர்வலத்துக்குப் போறனான்."

என்னால் மறைக்க முடியவில்லை; அது ஆமாம் என்ற ஓம் இல்லை என்றேன். சாட்சி சொல்லப் போனேன்.

கோர்ட்டில் பொலிஸ் தரப்பு வழக்கறிஞர் என்னைக் குடைந்தார். "நாலு மாசமா உமக்குத் தமிழ் மறந்து போச்சோ?"

"தமிழ் மறக்கேல்லை ஐயா. பயந்து போனன்."

வழக்கு தள்ளுபடியானது. முறிந்த கைக்கு நாங்கள் போட்ட முறைப்பாட்டுக்குப் பிறகு பொலிஸிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. தேவையான அளவு பலமே பயன்படுத்தப்பட்டதாம். அதைத் தமிழில் வாசித்துக் காட்டினேன்.

சுதன் நிமிர்ந்து பார்த்தான். "அப்ப எவ்வளவு முறிச்சாக் கூடவாம், அண்ணை?"

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் உண்டு. பிழை விட்டால், ரெக்கோர்டிங் ஓடும்போதே கையை உயர்த்துங்கள். "மொழிபெயர்ப்பாளரின் திருத்தம்" என்று சொல்லுங்கள். அரை நிமிடம் போதும். நான் பிந்திய நாலு மாதமும், எந்த நேரமும் விசாவை வெட்டி ஊருக்கு ஏற்றி அனுப்புவார்கள் என்று சுதன் சூட்கேஸைக் கட்டிக் கதவடியில் வைத்திருந்தான்.