பொன்னுரங்கம் மிச்சம் வைத்த கதைகள்

1948 மார்ச் 4 – ரூ. 40
1950 ஜூலை 17 – ரூ. 55
1952 நவம்பர் 22 – ரூ. 60

என் பக்கத்து வீட்டுப் பொன்னுரங்கம் கப்பலில் கரி அள்ளிப் போடும் வேலைக்குப் புறப்பட்ட நாட்களும், மனைவி குப்பம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போன முன்பணமும் இவை. அவளுக்கு எழுத்து தெரியாததால் நான் குறித்து வைத்தேன்.

ஊரில் இருக்கும்போது அவன் ஓரிடத்தில் உட்கார்ந்ததில்லை. ராயபுரம் கடற்கரை மணலில் நடந்துகொண்டே ஏடன், மொம்பாசா என்று தான் பட்டதையெல்லாம் சொல்வான். கேட்பவர்களும் கூடவே நடக்க வேண்டும். புறப்படும் நாளில் மட்டும் ஒரு கதையைப் பாதியில் நிறுத்துவான். மிச்சத்தைச் சொல்ல ஆள் திரும்பி வந்தே தீருவான் என்பது அந்த வீட்டு நம்பிக்கை.

மூன்றாம் முறை மகள் நீலா விடவில்லை.

“அந்தக் குரங்கு இன்னா ஆச்சு நைனா? சொல்ட்டுப் போ!”

குரங்கு கேப்டனின் தொப்பியோடு கடலில் குதித்ததை அவசரத்தில் சொல்லி முடித்துவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள்.

“முடிச்சிட்டியேய்யா, பாவி! இனி எதுக்கு நீ திரும்பி வருவே?” என்றாள் குப்பம்மா.

அதன்பின் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தபால்காரரைக் கண்டாலே தெருவுக்கு ஓடுவாள்.

“அண்ணே, கடுதாசி எதுனா வந்துகீதா?”

மாதங்கள் கழித்து ஒன்று வந்தது. நான் படித்துக் காட்டினேன்: “கொழும்பில் ஒரு கிழவி என்னைத் தன் மருமகன் என்று பிடித்துக்கொண்டாள். போலீஸ் வந்துவிட்டது. மிச்சத்தை நேரில் சொல்கிறேன்.”

“மருமவனா? வரட்டும், வச்சிக்கிறேன்!” என்று சிரித்தபடி குப்பம்மா உலை வைக்கப் போனாள்.

அடுத்த மாதம் அவனே வந்தான். துறைமுகத்திலேயே வேலை கிடைத்ததால் மறுபடி கப்பலேறவில்லை. ஆகவே அதுதான் அவன் எழுதிய கடைசிக் கடிதம். அது வந்த நாள் 1953 ஏப்ரல் 9.